பக்கத்து வீட்டுப் பாட்டும் பன்னிரண்டாம் வகுப்பு விடுதியும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பழைய திரைப்பாடல் கேட்டிருக்கிறது. அடுத்த நொடியே, பன்னிரண்டாம் வகுப்பில் தங்கியிருந்த விடுதியின் மொட்டை மாடியும், கொடியில் காய்ந்துகொண்டிருந்த சீருடையும், தேர்வுக்கு முந்தைய நாளின் வயிற்றுக் கலக்கமும் ஒன்றாக வந்து நின்றன; கண் கலங்கிவிட்டது. இத்தனைக்கும் அந்தப் பாடல் உங்களுக்கு அவ்வளவாகப் பிடித்ததும் அல்ல. கைப்பேசியில் பட்டியல் போட்டு நாள்தோறும் விரும்பிக் கேட்கிற பாடல்களில் ஒன்றுகூட இப்படிச் செய்ததில்லை. இது ஏன் என்றும், கண் கலங்குவதில் கவலைப்பட ஏதேனும் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மறதி நோய் தொடங்கியிருக்கிற உங்கள் தாயாருக்குப் பாடல்களால் பயன் கிடைக்குமா என்பதும் உங்கள் கேள்வியில் இருக்கிறது. கல்லூரியில் உளவியல் பாடம் நடத்தியவன் என்ற முறையிலும், இளமையின் பெரும்பகுதியைப் பாட்டு ஓடுகிற பேருந்துகளில் கழித்தவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கான விடையை முன்னதாகவே சொல்லிவிடலாம். உங்கள் விருப்பப் பாடல்கள் உங்களை எந்தப் பழைய இடத்துக்கும் கூட்டிச் செல்லாததற்குக் காரணம், அவற்றை நீங்கள் நாள்தோறும் கேட்பதுதான். விடுதிக் காலத்துப் பாடலோ அந்த ஓராண்டில் காதில் விழுந்துகொண்டே இருந்துவிட்டு, அதன்பிறகு ஏறக்குறைய முழுமையாக உங்கள் வாழ்க்கையை விட்டு விலகிப் போயிருக்க வேண்டும். ஒரு பாடல் எவ்வளவு பிடிக்கும் என்பதைக் காட்டிலும், அது வாழ்க்கையின் எந்தப் பகுதியோடு ஒட்டிக்கொண்டது, அதன்பின் வேறு எதனோடும் ஒட்டாமல் எத்தனை காலம் கிடந்தது என்பவைதான் அதன் ஆற்றலைப் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. இதை விளக்குவதற்குச் சற்றுச் சுற்றி வர வேண்டியிருக்கிறது.

பாடல் கேட்டவுடன் நினைவு தானாக வந்து விழுவது உங்களுக்கு மட்டும் நேர்கிற ஒன்றன்று. இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெல்லி ஜகுபோவ்ஸ்கி என்ற ஆய்வாளர், அன்றாட வாழ்வில் பாடல்கள் எழுப்பும் நினைவுகளை ஒரு வாரத்துக்கு நாட்குறிப்பில் எழுதி வரும்படி சிலரைக் கேட்டுக்கொண்டு, கிடைத்த குறிப்புகளை ஆராய்ந்திருக்கிறார். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு முறை இத்தகைய நினைவு அவர்களுக்கு வந்திருக்கிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை முயன்று நினைத்தவை அல்ல. பயணத்திலும் வீட்டு வேலையிலும் இருக்கும்போது தாமாகத் தலைகாட்டியவை. நம் வீட்டு அனுபவமும் இதற்கு ஒத்தே இருக்கிறது. கீரை ஆயும்போதும், துணி மடிக்கும்போதும், தெரிந்த சாலையில் வண்டி ஓட்டும்போதும் கைக்கு மட்டும்தான் வேலை. மனம் எதிலும் முழுமையாகப் பூட்டப்படாமல் திரிந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் வெளியிலிருந்து ஒரு மெல்லிய தூண்டுதல் வந்தாலும் அது போய்ப் பிடித்துக்கொள்கிறது. அலுவலகக் கணக்கு சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது அதே பாடல் கேட்டிருந்தால் அது வெறும் இரைச்சலாகவே உங்களைக் கடந்து போயிருக்கக் கூடும்.

நினைவு எவ்வளவு விரைவாக வந்தது என்பதையும் வியப்போடு குறிப்பிட்டிருக்கிறீர்கள். பாடலை அடையாளம் காண மூளைக்கு உண்மையிலேயே மிகக் குறைந்த நேரம் போதும். 1999-இல் கனடாவில் கிளென் ஷெல்லன்பர்க் என்பவரும் அவருடைய குழுவினரும் புகழ்பெற்ற பாடல்களின் பதிவிலிருந்து பத்தில் ஒரு நொடி நீளமே உள்ள துண்டுகளை வெட்டியெடுத்து, பாடல்களின் பெயர்ப்பட்டியலையும் கொடுத்து, எது எந்தப் பாடல் என்று பொருத்தச் சொன்னபோது, குருட்டாம்போக்கில் சொன்னால் கிடைக்கக்கூடியதை விடக் கூடுதலாகவே சரியான விடைகள் கிடைத்தன. பத்தில் ஒரு நொடிக்குள் மெட்டு தொடங்கியே இருக்காது, தாளமும் பிடிபட்டிருக்காது. பிடிபடுவது அந்தப் பதிவுக்கே உரிய ஒலி நிறம் மட்டும்தான். எந்தக் கருவிகள் சேர்ந்து ஒலிக்கின்றன, அவை எப்படிப் பதிவாகியிருக்கின்றன, பாடுபவரின் தொண்டையில் என்ன கரகரப்பு இருக்கிறது என்பனவெல்லாம் சேர்ந்ததையே ஒலி நிறம் என்கிறேன். நம் திரைப்பாடல்களில் பல்லவிக்கு முன்பே முன்னிசை வந்துவிடுவதால், பாடகர் வாயைத் திறப்பதற்குள் நாம் விடுதி மாடிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறோம். அதே பாடலைத் தொலைக்காட்சிப் போட்டியில் ஒரு சிறுவன் பிசிறில்லாமல் பாடும்போது கைதட்டத் தோன்றுகிறதே தவிர, மாடியும் சீருடையும் வருவதில்லை. பாட்டு அதேதான் என்றாலும் ஒலி வேறாகிவிடுகிறது என்பதே இதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

இனி, பாடலுக்கும் மொட்டை மாடிக்கும் எப்படி முடிச்சு விழுந்தது என்பதைப் பார்ப்போம். நாம் ஒன்றை மனத்தில் பதியும்போது அதை மட்டும் தனியே பதிவதில்லை. அப்போது சுற்றியிருந்த வெளிச்சம், மணம், ஓசை, உடல்நிலை, மனநிலை ஆகியவற்றையும் சேர்த்தே பதிகிறோம். பின்னாளில் அந்தச் சூழலின் ஒரு கூறு திரும்ப வந்தால் மற்றவையும் கூடவே இழுபட்டு வருகின்றன. என்டெல் டல்விங் என்ற நினைவாற்றல் அறிஞர் 1970-களின் தொடக்கத்தில் இந்தக் கருத்தை வகுத்துச் சொன்னார். இதற்குப் பாடநூல்கள் எல்லாம் காட்டும் எடுத்துக்காட்டு, பிரிட்டனில் காடன், பேட்லி ஆகிய இருவர் நீரில் மூழ்கிப் பணியாற்றும் முக்குளிப்போரைக் கொண்டு நடத்திய 1975-ஆம் ஆண்டுச் சோதனை. நீருக்கடியில் மனப்பாடம் செய்த சொற்கள் கரையில் இருந்தபோதைவிட நீருக்கடியிலேயே நன்றாக நினைவுக்கு வந்தன என்றது அது. அண்மையில் அதே சோதனையை மீண்டும் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சொற்பட்டியல் விஷயத்தில் எப்படியிருப்பினும், வாழ்க்கை நிகழ்வுகளைப் பொறுத்தவரை தூண்டுகோலும் பதிந்த சூழலும் பொருந்துவதன் வலிமையை மறுப்பது கடினம்.

ஆனால் எல்லாத் தூண்டுகோலும் ஒன்று போல வேலை செய்வதில்லை. 1975-இல் வாட்கின்ஸ் இணையர் விளக்கிய ஒரு விதிதான் உங்கள் கேள்விக்கு நேரான திறவுகோல். ஒரே தூண்டுகோலில் எத்தனைக்கு எத்தனை அதிகமான நினைவுகளைக் கட்டுகிறோமோ, அத்தனைக்கு அத்தனை அதில் எந்த ஒன்றையும் தனியே இழுத்து எடுக்கும் திறன் குறைந்துவிடுகிறது. ஒரே ஆணியில் வீட்டிலுள்ள எல்லாச் சட்டைகளையும் மாட்டிவிட்டு, குறிப்பிட்ட ஒரு சட்டையைத் தேடுவதைப் போன்றது இது. உங்கள் விருப்பப் பாடலை நீங்கள் திருமணத்துக்கு முன்பும் கேட்டீர்கள், பிள்ளை பிறந்த பின்பும் கேட்டீர்கள், வேலை மாறியபோதும் கேட்டீர்கள், நேற்று மின்சாரக் கட்டணம் கட்ட வரிசையில் நின்றபோதும் கேட்டீர்கள். இத்தனையும் அதில் தொங்குகின்றன. ஆகவே அது எதையும் தனித்துக் காட்டுவதில்லை. இனிமை மட்டும் அதில் எஞ்சியிருக்கிறது. அதுவும் சிறிய விஷயமன்று என்றாலும், நீங்கள் கேட்டது அதைப் பற்றியன்று.

என் அனுபவத்தையே சொல்கிறேன். 1980-களில் பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு நாள்தோறும் பேருந்தில் சென்று கல்லூரியில் படித்தேன். காலை 7 மணி வாக்கில் புறப்படும் தனியார் பேருந்தின் ஓட்டுநர் தம்முடைய இருக்கைக்கு மேலே ஒரு டேப் ரெக்கார்டரைப் பொருத்தி, அதற்கு ஜிகினா மாலையும் போட்டு வைத்திருந்தார். அவரிடம் இருந்தவை நான்கைந்து கேசட்டுகள் மட்டுமே. எனவே கிணத்துக்கடவைத் தாண்டும்போது ஒரு பாடல், ஒத்தக்கால்மண்டபத்தில் இன்னொன்று, ஈச்சனாரி கோயிலைக் கண்டு பயணிகள் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போது வேறொன்று என்று ஊரும் பாட்டும் ஒன்றோடொன்று தைத்துப்போயின. அவற்றில் எனக்குப் பிடித்த பாடல்கள் சில இருந்தன. அவற்றைப் பிற்காலத்தில் நானே வாங்கி நூற்றுக்கணக்கான முறை கேட்டுவிட்டேன். இன்று அவற்றைக் கேட்டால் பேருந்து வருவதில்லை. பிடிக்காத பாடல் ஒன்றும் இருந்தது. கதாநாயகி கோபித்துக்கொள்ள, கதாநாயகன் கெஞ்சுகிற வழக்கமான பாட்டு. அதை நான் ஒருபோதும் தேடிக் கேட்டதில்லை. சென்ற ஆண்டு ஒரு தேநீர்க் கடையில் அது ஒலித்தபோது, ஜன்னல் கம்பியின் துருவாடை, முழங்காலில் இடித்துக்கொண்டிருந்த டிபன் பாக்ஸ், சில்லறை இல்லை என்று முனகும் நடத்துநர், உக்கடம் வருவதற்குள் முடிக்க வேண்டிய ஒப்படைப்பு எல்லாமே வந்துவிட்டன. கையிலிருந்த தேநீர் ஆறிப்போயிற்று.

இதே விதி பண்டிகைப் பாடல்களில் வேறு விதமாக வேலை செய்வதைக் கவனித்திருப்பீர்கள். ஆடி மாதத்தில் கோயில் ஒலிபெருக்கியிலிருந்து எல். ஆர். ஈசுவரியின் குரலில் அம்மன் பாட்டு எழும்போது, கூழ் ஊற்றும் அண்டாவும் வேப்பிலைத் தோரணமும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அது எந்த ஆண்டின் ஆடி என்று கேட்டால் சொல்ல முடிவதில்லை. ஆண்டுதோறும் ஒரே சூழலில் திரும்பி வருவதால் அப்பாடல்கள் ஒரு குறிப்பிட்ட நாளைக் காட்டாமல், எல்லா ஆண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே ஆடியாகக் காட்டுகின்றன. மார்கழி விடியலில் கேட்கும் பாடல்களுக்கும், நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் பக்கமிருந்து வரும் நாகூர் ஹனீபாவின் குரலுக்கும் இது பொருந்தும்.

கேசட்டைப் பற்றிச் சொன்னதால் ஒரு கிளைச் செய்தி. கேசட் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பாடல் முடிந்தவுடன் அடுத்த பாடலின் தொடக்கம் தானாகக் காதுக்குள் ஒலிக்கும். பாட்டுப் பதிவு செய்து தரும் கடையில் நீள்தாளில் பட்டியல் எழுதிக் கொடுத்து, 60 நிமிடக் கேசட்டா 90 நிமிடக் கேசட்டா என்று காசுக்கேற்ப முடிவு செய்து, ஒரு வாரம் காத்திருந்து வாங்கிய தலைமுறைக்கு, அந்த வரிசை கிட்டத்தட்ட ஒரு பாடலாகவே ஆகிவிட்டது. இன்றைக்குப் பண்பலையில் அந்தப் பாடல் முடிந்து வேறு ஏதோ ஒன்று வந்தால் படியில் கால் தவறியது போலிருக்கிறது. இது வெறும் கற்பனையன்று. அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நன்கு பழகிய இசைத்தட்டின் இரண்டு பாடல்களுக்கு இடைப்பட்ட அமைதியில்கூட, அடுத்து வரப்போவதை எதிர்பார்த்து மூளையின் முன்பகுதி இயங்குவதைக் கண்டனர். நினைவு பாட்டில் மட்டுமன்றி இரண்டு பாட்டுகளுக்கு நடுவிலுள்ள சில நொடி மௌனத்திலும் தங்கியிருக்கிறது.

அடுத்து வயது. விடுதிக் காலம் ஏன் இவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதற்குப் பாடலை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. முதியவர்களிடம் வாழ்க்கை நிகழ்ச்சிகளைச் சொல்லச் சொன்னால், ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயது வரையிலான காலத்து நிகழ்ச்சிகள் மற்றக் காலத்தவற்றை விட மிகுதியாக வெளிப்படுகின்றன. வரைபடம் போட்டால் அந்த இடத்தில் ஒரு மேடு தெரியும். முதன்முறையாக வீட்டை விட்டு வெளியே தங்குவது, முதல் நட்பு, முதல் தோல்வி, முதல் சம்பளம் என்று ‘முதல்’ என்னும் அடைமொழி பெற்றவை பெரும்பாலும் அந்த ஆண்டுகளிலேயே நடந்துவிடுகின்றன. பாடல் விருப்பமும் இதையொட்டியே அமைகிறது. அமெரிக்காவில் ஹால்புரூக், ஷிண்ட்லர் என்ற இருவர் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் தங்களுக்கு 23 அல்லது 24 வயதாயிருந்தபோது புகழ்பெற்றிருந்த பாடல்களையே மிகுதியாக விரும்பினர் என்று கண்டனர். ‘எங்கள் காலத்துப் பாட்டு மாதிரி வருமா’ என்று 1976-இல் இளைஞராயிருந்தவர் இளையராஜாவைச் சுட்டியும், 1992-இல் இளைஞராயிருந்தவர் ஏ. ஆர். ரகுமானைச் சுட்டியும், அதற்கு முந்தியவர் விசுவநாதன்–ராமமூர்த்தியைச் சுட்டியும் ஒரே உறுதியோடு வாதிடுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும். மூவர் சொல்வதிலும் இசையைப் பற்றிய தீர்ப்பைவிடத் தம் இளமையைப் பற்றிய சாட்சியமே அதிகம் இருக்கிறது.

இதற்கு ஒரு சுவையான விதிவிலக்கும் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேரல் க்ரும்ஹான்சல் 2013-இல் கல்லூரி மாணவர்களைச் சோதித்தபோது, அவர்கள் பிறப்பதற்கு முன்பே வெளிவந்த பாடல்களும் நினைவோடும் விருப்பத்தோடும் பிணைந்திருப்பதைக் கண்டார்; குறிப்பாக, அவர்களுடைய பெற்றோர் இளைஞர்களாயிருந்த காலத்துப் பாடல்களுக்கு ஒரு மேடும், 1960-களின் பாடல்களுக்கு மற்றொரு மேடும் தெரிந்தன. வெள்ளிக்கிழமை மாலை ஒளியும் ஒலியும் பார்க்க ஒரே வீட்டில் தெரு முழுவதும் கூடியதும், காலையில் அப்பா முகச்சவரம் செய்துகொள்ளும்போது விவித பாரதி பாடியதும் நம்மவர்க்கு இதையே செய்திருக்கின்றன. என் மகனுக்குப் பி. பி. ஸ்ரீனிவாசின் குரல் கேட்டால் தன் தாத்தாவின் சாய்வு நாற்காலி நினைவுக்கு வருகிறது. அந்தப் பாடல்கள் அவன் தந்தையாகிய என்னுடையவையுமல்ல. எனக்கு முந்திய தலைமுறையினுடையவை.

மூளையில் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இதை விரித்து எழுதினால் அறிவியல் போலத் தோன்றுமே தவிர உங்கள் கேள்விக்குக் கூடுதல் விடை கிடைக்காது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பணியாற்றும் பெட்ர் ஜனட்டா, மாணவர்களுக்கு அவர்களது சிறுவயதில் புகழ்பெற்றிருந்த பாடல்களின் துணுக்குகளைப் போட்டுக் காட்டி, அவற்றில் சராசரியாக 30 விழுக்காடு சொந்த நினைவுகளை எழுப்பின என்று 2007-இல் அறிவித்தார். 2009-இல் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தபோது, நெற்றிக்குப் பின்னே நடுக்கோட்டையொட்டி அமைந்த பகுதி இத்தகைய பாடல்களுக்கு வலுவாக இயங்கியது. இசையின் போக்கைப் பின்தொடர்வது, ‘நான்’ என்பது பற்றி நினைப்பது, உணர்ச்சியை எடைபோடுவது ஆகிய மூன்றும் அங்கே சந்திக்கின்றன என்பது அவர் தரும் விளக்கம். மீதியுள்ள 70 விழுக்காட்டையும் மறந்துவிடாதீர்கள். பத்தில் ஏழு பாட்டு நம்மைத் தொடாமலேதான் போகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. பாடல் கொண்டுவரும் நினைவு துல்லியமாகத் தோன்றுவதாலேயே அது உண்மை என்று ஆகிவிடாது. பழைய புகைப்படத்தை எடுத்துப் பார்ப்பது போல நாம் நினைவை எடுத்துப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு முறையும் துண்டுகளைச் சேர்த்துப் புதிதாகக் கட்டுகிறோம். என் தந்தை முதல் நாள் என்னைக் கல்லூரிக்குப் பேருந்தில் அழைத்துச் சென்றபோது ஒரு குறிப்பிட்ட பாடல் ஓடியதாகவும், அவர் அதற்கு விரலால் தாளம் போட்டதாகவும் 30 ஆண்டுகளுக்கு மேலாக நம்பியிருந்தேன். பிறகு ஒரு நாள் ஏதோ காரணத்துக்காக அந்தப் படம் வெளிவந்த ஆண்டைப் பார்க்க நேர்ந்தது. நான் கல்லூரியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் கழித்தே அது வந்திருக்கிறது. தந்தை வந்ததும் உண்மை, பேருந்தும் உண்மை, அவர் பாட்டுக்குத் தாளம் போடுகிறவர் என்பதும் உண்மை. மூன்றையும் அந்தப் பாடலோடு சேர்த்துத் தைத்தது நான்தான். திரைப்பாடல்களுக்கு வெளியான தேதி உண்டென்பதால் இத்தகைய பிழையைக் கண்டுபிடிக்க முடிகிறது. மழையோ மல்லிகை மணமோ எழுப்பிய நினைவாயிருந்தால் என் பொய்யைப் பொய்யென்று அறியாமலே போயிருப்பேன். உங்கள் விடுதி மாடியில் சீருடை காய்ந்தது அந்த நாளில்தானா என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் பழைய பகையோ பழைய காதலோ பற்றி ஒரு பாட்டு உங்களுக்குச் சாட்சி சொல்ல வந்தால், அந்தச் சாட்சியை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

கண் கலங்குவதைப் பற்றி. பாடல் எழுப்பும் நினைவுகளில் இன்பமானவையே மிகுதி என்று ஆய்வுகள் பொதுவாகக் காட்டுகின்றன. எனினும் அந்த இன்பத்தோடு, அது திரும்ப வராது என்ற உணர்வும் கலந்தே வருவதால் சிரிப்பும் கண்ணீரும் ஒருசேர உண்டாகின்றன. ‘ஆயன் குழல்’ கொல்லும் படையாகி மாலைப்பொழுதுக்குத் தூது வருகிறது என்று பொழுதுகண்டு இரங்கும் தலைவி திருக்குறளில் சொல்கிறாள். அவளைச் சுட்டது ஏதோ ஓர் இடையன் தன் மாடுகளுக்காக ஊதிய பாட்டு, அவளுக்காக ஊதியதன்று. உங்கள் பக்கத்து வீட்டாரும் உங்களை அழவைக்கப் பாட்டுப் போடவில்லை. சில நிமிடங்களில் தானாக அடங்கி, அதன்பின் மனம் சற்று இலேசாகிறது என்றால் இதில் கவலைப்பட எதுவும் இல்லை. இறந்துபோனவரோடு பிணைந்த பாடல் ஒவ்வொரு முறையும் நெஞ்சை அடைத்து, அது ஒலிக்கக்கூடிய கடையையும் வண்டியையும் விசேஷ வீட்டையும் தவிர்த்து நடக்கும் நிலை மாதக்கணக்கில் நீடித்தால் மட்டும் ஒரு மனநல ஆலோசகரிடம் பேசுவது நல்லது.

அந்தப் பாடலை இதற்குள் தேடிப் பதிவிறக்கி உங்கள் பட்டியலில் சேர்த்துவிட்டீர்களா என்று தெரியவில்லை. சேர்த்திருந்தால் நீக்கிவிடும்படி பரிந்துரைக்கிறேன். அதை அழைப்பொலியாகவோ காலை எழுப்பும் மணியாகவோ வைத்துவிட்டால் கதை முடிந்தது. மூன்றே மாதத்தில் அது விடுதியை மறந்து, பால்காரரையும் மேலாளரையும் நினைவூட்டத் தொடங்கிவிடும். மாறாக, ஒரு பாடலின் கடுமையைத் தணிக்க விரும்புகிறவர்களுக்கு இதே வழி மருந்தாகவும் பயன்படும். பிரிந்துபோன ஒருவரை நினைவூட்டும் பாடலைப் புதிய இடங்களில், புதிய மனிதர்களோடு, வேறு வேலைகளுக்கு நடுவே பலமுறை கேட்டால் அதன் முனை மழுங்கும். இது ஆய்வுக்கூட முடிவு என்பதைக் காட்டிலும், மேற்சொன்ன விதியிலிருந்து நான் வருவித்துக்கொண்டதும் ஓரிருவருக்குப் பயன்படக் கண்டதுமாகும்.

இனி உங்கள் தாயார். அல்சைமர் என்ற மறதி நோயில் அண்மை நினைவுகளே முதலில் தேய்கின்றன. இளமைக் காலத்துப் பாடல்கள் நெடுநாள் தாக்குப்பிடிக்கின்றன. ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், நெடுங்காலம் பழகிய இசையைப் பற்றிய நினைவுக்குத் துணைநிற்கும் மூளைப் பகுதிகள் அந்நோயில் ஒப்பளவில் குறைவாகவே சிதைகின்றன என்று காட்டினார்கள். பாடலால் நோய் குணமாவதில்லை, தேய்வும் நிற்பதில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் இசையைக் கேட்டே மறதி தீர்ந்தது என்ற செய்திகள் கைப்பேசிகளில் சுற்றுகின்றன. கிடைக்கக்கூடியது என்னவென்றால், சில நிமிடத் தெளிவு, பேச்சில் ஓர் ஓட்டம், குளிப்பாட்டும்போதும் உணவு ஊட்டும்போதும் எதிர்ப்பு சற்றுக் குறைதல். பராமரிப்பவருக்கு இது பெரிய உதவி.

பாடலைத் தேர்ந்தெடுக்கையில் உங்களுக்குப் பிடித்தவற்றைப் போடாதீர்கள். பிள்ளைகள் பெரும்பாலும் செய்யும் தவறு இது. தாயார் 1950-ஐ ஒட்டிப் பிறந்தவர் என்று எழுதியிருப்பதால், அவருக்கு 13 வயது முதல் 25 வயது வரையிலான காலம், அதாவது 1963 முதல் 1975 வரை வந்த பாடல்களிலிருந்து தொடங்குங்கள். பி. சுசீலா, டி. எம். சௌந்தரராஜன் ஆகியோரின் குரல்கள் மட்டுமன்றி, 1969-இல் தமிழ்த் திரைக்கு வந்த எஸ். பி. பாலசுப்ரமணியத்தின் தொடக்க காலப் பாடல்களும் அதில் அடங்கும். உங்கள் தாயார் வேதாரண்யம் பக்கத்தில் வளர்ந்தவர் என்பதும் முக்கியமான செய்தி. அந்தக் கரையோரத்தில் வீட்டு வானொலிகளில் உள்ளூர் நிலையத்துக்கு ஈடாக இலங்கை வானொலியே கேட்டது. அதன் அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரலும், காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ நிகழ்ச்சியும் அவர் செவிக்குப் பழகியிருக்கும். அந்நாளைய அறிவிப்புகளின் ஒலிப்பதிவு எங்கேனும் கிடைத்தால் பாடல்களோடு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாடலைவிட அறிவிப்பாளரின் குரல் விரைவாக வேலை செய்வதை ஒரு முதியவரிடம் நானே கண்டிருக்கிறேன். திருத்தி மெருகேற்றிய புதிய பதிப்புகளையும் பிறர் பாடியவற்றையும் விட்டுவிட்டு மூலப் பதிவையே போடுங்கள். காரணத்தை மேலே சொல்லியிருக்கிறேன்.

நாள் முழுவதும் ஓடவிட வேண்டாம். ஒரு நாளைக்கு அரை மணி நேரம், தொலைக்காட்சி அணைந்திருக்கும் ஒரு வேளையில், ஒன்று முடிந்தபின் சிறிது இடைவெளி விட்டு அடுத்தது என்று போடுங்கள். முகம் சுருங்கினாலோ கை அலைபாய்ந்தாலோ அந்தப் பாடலை அமைதியாக மாற்றிவிட்டு, பட்டியலிலிருந்தும் எடுத்துவிடுங்கள்; அவர் இளமையில் எல்லாம் இனித்ததா என்பது நமக்குத் தெரியாது. ‘இது எந்தப் படம் சொல்லுங்கள் அம்மா, பாடியவர் யார் சொல்லுங்கள்’ என்று தேர்வு வைக்காதீர்கள். விடை வராதபோது அவருக்கு அது அவமானமாகப்படும். பாட்டின் நடுவே அவராக ஏதேனும் சொல்லத் தொடங்கினால் ஒலியைச் சற்றுக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். அவர் சொல்வதில் ஆண்டும் பெயரும் முன்பின்னாக இருக்கலாம். திருத்தாமல் கேட்டு, முடிந்தால் அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.